கீழே கிடந்த பர்ஸைக் கையில் எடுத்த பிறகு

தொலைந்த பொருள் திரும்பி வராவிட்டால், "எவனோ அமுக்கிட்டான்" என்றுதான் முதலில் தோன்றும். எல்லா நேரமும் அப்படி இல்லை. நல்ல மனதோடு எடுத்தவர்தான், யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று டிராயரில் போட்டு வைக்கிறார். நாளை அடுத்த வாரமாகிறது. அதற்குள் தொலைத்தவர் வங்கி அட்டைகளை முடக்கி, வீட்டுப் பூட்டை மாற்றி, தேடுவதையும் விட்டிருப்பார். எடுத்தவருக்கோ, இத்தனை நாள் கழித்துக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வந்துவிடும். பொருள் டிராயரிலேயே தங்கிவிடும். மனம் சரியாக இருந்தும் முறை தெரியாததால் நடக்கிற இந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

நேர்மையானவர்கள் அரிது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2019இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. 40 நாடுகள், 355 நகரங்கள், 17,000க்கும் அதிகமான பர்ஸுகள். வங்கி, திரையரங்கு, அருங்காட்சியகம், அஞ்சலகம், ஓட்டல், காவல் நிலையம் என்று ஏதாவது ஓர் இடத்துக்குப் போய், "வெளியே கிடந்தது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கவுன்டரில் கொடுத்துவிட்டு ஆய்வாளர்கள் நகர்ந்துவிட்டார்கள். உள்ளே பெயரும் மின்னஞ்சல் முகவரியும் போட்ட கார்டு, கடைக்குப் போகும்போது எழுதும் சாமான் பட்டியல், பெரும்பாலானவற்றில் ஒரு சாவி. சிலவற்றில் பணமும் இருந்தது. பணமில்லாத பர்ஸைப் பெற்றவர்களில் 40 சதவீதம் பேர் உரியவருக்குத் தகவல் அனுப்பினார்கள். ஏறத்தாழ 13 டாலர் மதிப்புக்குப் பணம் இருந்தபோது அது 51 சதவீதமானது. மூன்று நாடுகளில் மட்டும் தொகையை 94 டாலராக்கிப் பார்த்தார்கள். 72 சதவீதம் பேர் தகவல் தந்தார்கள். பணம் கூடக் கூடத் திருப்பிக் கொடுப்பவர்களும் கூடினார்கள். பொருளாதார வல்லுநர்களே இதை எதிர்பார்க்கவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது சாவி. சாவி இல்லாத பர்ஸைவிடச் சாவி இருந்த பர்ஸுகள்தான் அதிகம் திரும்பின. எடுத்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. தொலைத்தவர் வீட்டு வாசலில் நிற்பாரே என்ற நினைப்புதான் அவர்களை எழுந்து தகவல் அனுப்ப வைத்திருக்கிறது. இன்னொரு பக்கம், பணமில்லாத பர்ஸைப் பெற்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றும் செய்யவில்லை என்பதையும் கவனியுங்கள். "காசுதான் இல்லையே" என்று விட்டிருக்கலாம். ஆனால் தொலைத்தவரைக் கேட்டால், பணம் போனதைவிட அடையாள அட்டையை மறுபடி வாங்க அலைவதுதான் பெரிய பாடு என்பார். காலிப் பர்ஸையும் நிறைந்த பர்ஸைப் போலவே நடத்துங்கள்.

எடுத்ததும் முதலில் யோசிக்க வேண்டியது, தொலைத்தவர் எங்கே தேடிக்கொண்டு வருவார் என்பதை. மனிதர்கள் வந்த வழியே திரும்பி நடப்பார்கள். கடையில் கிடந்தால் அந்தக் கடைக்கே வருவார். பேருந்தில் கிடந்தால் அந்தப் பேருந்தின் பணிமனையிலோ அலுவலகத்திலோ விசாரிப்பார். ஆகவே ஒரு கட்டடத்துக்குள், ஒரு வண்டிக்குள் கிடைத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் தவறு. அங்கேயே பொறுப்பில் இருப்பவரிடம் கொடுத்து, வாங்கியவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உங்கள் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். பெயர் கேட்பது சந்தேகத்தால் அல்ல. வேலை நேரம் மாறும்போது பொருள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும். அடுத்த ஷிப்டில் இருப்பவருக்கு விஷயமே தெரியாது. "அப்படி எதுவும் வரலையே" என்று தொலைத்தவரைத் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அவர்தான்.

நடுத்தெருவில் கிடந்தால் கதை வேறு. அங்கே பத்துப் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். பதறிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி ஒருவர் வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் "இது உங்களுடையதா?" என்று பொருளைத் தூக்கிக் காட்டாதீர்கள். "என்ன தேடுறீங்க?" என்று கேளுங்கள். பதில் அவர் வாயிலிருந்து வரட்டும்.

பர்ஸைத் திறக்கலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. உரியவரைக் கண்டுபிடிக்கும் அளவுக்குத் திறக்கலாம். தனியாகத் திறக்க வேண்டாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பணத்தை எண்ணி, தொகையையும் நேரத்தையும் எழுதிவையுங்கள். பின்னால் "இன்னும் அதிகமாக இருந்ததே" என்ற பேச்சு வந்தால் இது உங்களைக் காப்பாற்றும். பிறகு தேட வேண்டியது முகவரியை அல்ல, தொலைபேசி எண்ணை. அடையாள அட்டையில் இருக்கும் முகவரி பழையதாக இருக்கலாம். வீடு மாறியவர்கள் அதை உடனே மாற்றுவதில்லை. நூலக அட்டை, மருத்துவரின் சீட்டு, உடற்பயிற்சிக் கூடத்தின் அட்டை, துணி வெளுக்கப் போட்ட ரசீது ஆகியவைதான் வேகமான வழி. அட்டை கொடுத்த இடத்தை அழைத்து, "இந்த எண்ணுள்ள உறுப்பினரின் பர்ஸ் என்னிடம் இருக்கிறது, என் எண்ணை அவருக்குச் சொல்லுங்கள்" என்றால் போதும். அவருடைய எண்ணைக் கேட்காதீர்கள். தரவும் மாட்டார்கள், தரவும் கூடாது.

வங்கி அட்டையின் பின்புறம் உள்ள எண்ணுக்கும் இப்படியே அழைக்கலாம். ஆனால் ஒன்று: கண்டெடுத்த அட்டை என்று சொன்னதும் வங்கி அதை முடக்கிவிடக்கூடும். உரியவர் வெளியூரில் அந்த ஓர் அட்டையை நம்பி இருந்தால் திண்டாடிப் போவார். வேறு வழியில் அவரை அடைய முடியும் என்றால் வங்கியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குள் ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் தயங்காமல் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

சமூக வலைத்தளத்தில் போடுவதில்தான் நல்லவர்கள் அதிகம் தவறுகிறார்கள். அடையாள அட்டையைப் படம் எடுத்து அப்படியே பகிர்கிறார்கள். பெயர், பிறந்த தேதி, அட்டை எண், முகவரி, முகம் எல்லாம் ஊர் சுற்றுகிறது. பர்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் அந்தப் படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த விவரங்களை வைத்து மோசடி செய்ய ஒருவனுக்கு அதுவே போதும். போட வேண்டியது இவ்வளவுதான்: "இந்த இடத்தில், இந்த நாளில் ஒரு பர்ஸ் கிடைத்தது. நிறமும் உள்ளே இருந்ததும் சொல்பவர் பெற்றுக்கொள்ளலாம்." நிறம், தொகை, உள்ளே உள்ள படம், எதையும் வெளியே விடாதீர்கள். பத்துப் பேர் கூப்பிட்டாலும் சரியானவரைப் பிரித்தெடுக்க நீங்கள் சொல்லாமல் வைத்ததுதான் உதவும். முழுப் பெயரைப் போட வேண்டிய கட்டாயம் வந்தால் பெயரை மட்டும் போடுங்கள்.

சாவிக்கொத்து தனியாகக் கிடைத்தால், கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கண்மட்டத்தில் ஒரு சீட்டு ஒட்டி, அருகில் எந்தக் கடையில் அல்லது அலுவலகத்தில் கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுதுவது நல்லது. சாவியையே அங்கே தொங்கவிடுவதைப் பலர் செய்கிறார்கள். எந்த வீட்டுச் சாவி என்று யாருக்கும் தெரியாதவரை அதில் ஆபத்து குறைவு. வண்டிச் சாவியை மட்டும் ஒருபோதும் தொங்கவிடக் கூடாது, வண்டி பெரும்பாலும் ஐம்பதடி தூரத்தில்தான் நிற்கும்.

போனுக்கு வருவோம். இதில் விவரம் நிறைய.

கிடைத்த போனை அணைக்கக் கூடாது, சிம்மைக் கழற்றக் கூடாது, விமானப் பயன்முறையில் போடக் கூடாது. உரியவர் முதலில் செய்வது தன் எண்ணுக்குத் தானே அழைப்பது. அடுத்து, வேறு கருவியிலிருந்து இருப்பிடம் தேடுவது. சிம் போனால் இரண்டும் தடைபடும். "சிம்மை என் போனில் போட்டுத் தொடர்பு எண்களைப் பார்க்கிறேன்" என்று இறங்குபவர்கள் உண்டு. இப்போதெல்லாம் தொடர்புகள் சிம்மில் இருப்பதில்லை. வங்கியின் ஓடிபி வந்து விழுவது மட்டும்தான் நடக்கும், அப்புறம் சந்தேகம் உங்கள் மேல்.

பூட்டை யூகித்துத் திறக்க முயல வேண்டாம். ஒவ்வொரு தவறுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் கூடிக்கொண்டே போகும். ஐபோனில் உரியவர் அப்படி அமைத்திருந்தால், பத்தாவது தவறில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திறக்காமலே பார்க்கக் கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பூட்டுத் திரையில் 'எமர்ஜென்சி' என்பதைத் தொட்டால், ஐபோனில் 'மெடிக்கல் ஐடி', ஆண்ட்ராய்டில் 'எமர்ஜென்சி இன்ஃபர்மேஷன்' என்ற பகுதி வரும். உரியவர் நிரப்பி வைத்திருந்தால் அங்கே வீட்டார் எண் இருக்கும். பக்கவாட்டுப் பொத்தான்களை நெடுநேரம் அழுத்திப் பிடிக்காதீர்கள். சில போன்களில் அது நேரடியாக அவசர உதவிக்கு அழைத்துவிடும்.

அந்தப் பகுதி காலியாக இருந்தால் பேட்டரியைக் காப்பாற்றுவதுதான் உங்கள் வேலை. சார்ஜில் போட்டு, ஒலியைக் கூட்டி, அழைப்பு வரும்வரை காத்திருங்கள். இரவு எடுத்த போனுக்குக் காலையில் அழைப்பு வருவது சகஜம். இரவுக்குள் அது செத்துப்போனால் அழைப்பே வராது. நனைந்த போனாக இருந்தால் மட்டும் சார்ஜில் போடாதீர்கள். சார்ஜ் துளை கீழ்நோக்கி இருக்கும்படி லேசாகத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுங்கள். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், பொடித்துகள் துளைக்குள் போகும்.

அழைப்பு வந்து எடுத்தால், எதிரில் இருப்பவர் உரியவர்தான் என்பதற்கு அது சாட்சி ஆகாது. நண்பராக இருக்கலாம், கடன்காரராக இருக்கலாம். எங்கே எடுத்தீர்கள் என்பதை நீங்கள் சொல்லாமல், "எங்கே விட்டீங்க? உறை என்ன நிறம்?" என்று கேளுங்கள். ஒப்படைக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "உங்க கையாலேயே பூட்டைத் திறந்து காட்டுங்க." இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை. பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். இது இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. எதிரில் வருபவரும் உங்களை அறியாதவர்தானே.

போனைத் தொலைத்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேறு கருவியிலிருந்தே போனைப் பூட்டி, திரையில் ஒரு செய்தியைக் காட்டும் 'தொலைந்த நிலை'யில் போட்டு மாற்று எண்ணைத் திரையில் காட்டினால், திருடனுக்கும் அந்த எண் தெரியும். "உங்கள் போன் கிடைத்தது, இருப்பிடம் பார்க்க இதை அழுத்துங்கள்" என்று இணைப்போடு குறுஞ்செய்தி வரும். அது கடவுச்சொல்லைப் பறிக்கும் வலை. உண்மையாக எடுத்தவர் இணைப்பு அனுப்ப மாட்டார், அழைத்துப் பேசுவார், கடவு எண்ணைக் கேட்க மாட்டார். எடுத்தவர்களும் இதை மனதில் வைத்து, குறுஞ்செய்தியைத் தவிர்த்துக் குரலில் பேசுங்கள்.

பென்டிரைவ் கிடைத்தால் கணினியில் செருக வேண்டாம். உதவும் எண்ணத்தையே தூண்டிலாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் 297 பென்டிரைவ்களை அங்கங்கே போட்டு வைத்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். குறைந்தது 45 சதவீதத்தை எடுத்தவர்கள் கணினியில் செருகி, உள்ளிருந்த கோப்பைத் திறந்திருந்தார்கள். உரியவரைக் கண்டுபிடிக்கத்தான் திறந்தோம் என்பதே பலரின் பதில். கிடைத்த இடத்தின் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள், உள்ளே பார்க்காமல்.

பொருளைவிடச் சிக்கலானது கணக்கில் வந்து விழும் அந்நியப் பணம். "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிட்டேன், தயவுசெய்து இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்க" என்று ஒருவர் கெஞ்சுகிறார். உடனே அனுப்பிவிட வேண்டும் என்று நல்லவர் கை பரபரக்கும். நிறுத்துங்கள். முதலில், பணம் வந்ததா என்று வங்கிக் கணக்கிலேயே பாருங்கள், குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். போலிக் குறுஞ்செய்தி அனுப்புவது எளிது. வராத பணத்தைத் திருப்பி அனுப்பி ஏமாந்தவர்கள் ஏராளம். பணம் உண்மையிலேயே வந்திருந்தாலும் அவர் சொல்லும் எண்ணுக்கு நீங்களாக அனுப்பாதீர்கள். அது திருட்டுக் கணக்கிலிருந்து வந்த பணமாக இருக்கலாம். நீங்கள் புது எண்ணுக்கு அனுப்பிய பிறகு, பறிகொடுத்தவர் புகார் செய்ய, வங்கி முதல் பரிமாற்றத்தைத் திருப்பி எடுக்கும். உங்கள் சொந்தப் பணம் போயிருக்கும். அதோடு, திருட்டுப் பணம் உங்கள் கணக்கு வழியே கைமாறிய கறையும் ஒட்டும்.

செய்ய வேண்டியது எளிது, கொஞ்சம் மெதுவானது. அந்தத் தொகையைத் தொடாமல் வையுங்கள். உங்கள் வங்கிக்குப் பரிமாற்ற எண்ணோடு எழுத்தில் தெரிவித்து, வந்த வழியே திருப்பிவிட உங்களுக்குச் சம்மதம் என்று சொல்லுங்கள். அழைத்தவரிடம், "உங்க வங்கியில புகார் கொடுங்க, நான் என் வங்கியில சம்மதம் எழுதிக் கொடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள். உண்மையாகத் தவறிப் போட்டவர் இதைக் கேட்டு நிம்மதி அடைவார். மோசடிக்காரர் அவசரப்படுத்துவார், அழுவார், கடைசியில் மிரட்டுவார். இரண்டையும் பிரித்தறிய இந்த ஒரு பதிலே போதும். சில நாள் ஆகுமே என்று உங்கள் மனம் உறுத்தலாம். உறுத்தட்டும், முறையை விடாதீர்கள்.

கடையில் கூடுதலாகச் சில்லறை கொடுத்துவிட்டால் இதற்கு நேர்மாறாக வேகம் வேண்டும். கல்லாவை ஷிப்ட் முடிவில் எண்ணிக் கணக்குப் பார்ப்பார்கள். குறைந்தால் பல இடங்களில் கல்லாவில் நின்றவர் தன் கையிலிருந்து போட வேண்டும், அல்லது பேச்சு வாங்க வேண்டும். அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுக்கும் பணம் கடைக்குச் சேரும், அவருக்குச் சேராது. அன்றைக்கே, அதே ஆளிடம், ரசீதோடு கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது என்றால் கடைக்கு அழைத்து, ரசீதில் உள்ள நேரத்தையும் கல்லா எண்ணையும் சொல்லிவிடுங்கள். கணக்கு முடிப்பதற்குள் தகவல் போனாலே அவர் தப்பித்துவிடுவார்.

நிறுத்தியிருந்த வண்டியில் இடித்துவிட்டு, உரியவர் இல்லாதபோது சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்களை நினைத்தாலே மனம் நிறைகிறது. அந்தச் சீட்டு மழையில் கரைந்து போனால் அத்தனையும் வீண். பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள், ஜெல் மை நனைந்தால் ஓடிவிடலாம். பெயர், எண், உங்கள் வண்டி எண், நேரம், எந்தப் பக்கம் பட்டது என்று ஒரு வரி. பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாய் கீழ்நோக்கி இருக்கும்படி ஓட்டுநர் பக்க வைப்பரின் அடியில் செருகுங்கள். இரண்டு வண்டியையும், சீட்டையும், அது இருக்கும் இடத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டு காற்றில் பறந்துவிட்டால், ஓடிப்போனதாக உங்கள் மேல் புகார் வரலாம். அதற்கு அந்தப் படம் பதில் சொல்லும். பல நாடுகளில் காவல் துறைக்கும் தெரிவித்தாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, சீட்டு மட்டும் அங்கே போதாது.

சட்டம் என்றதும், எடுத்தவருக்கு என்ன உரிமை என்ற கேள்வி வரும். 1722இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் ஒருவன் நகை ஒன்றைக் கண்டெடுத்து, மதிப்புப் பார்க்கப் பொற்கொல்லரிடம் கொண்டுபோனான். கடையில் இருந்த வேலைப்பையன் கற்களைக் கழற்றிக்கொண்டு, திருப்பித் தர மறுத்தான். கண்டெடுத்தவன் முழு உரிமையாளன் ஆவதில்லை, ஆனால் உண்மையான உரிமையாளரைத் தவிர மற்ற எல்லாரையும்விட அவனுக்கே உரிமை அதிகம் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தக் கருத்து இன்றும் பல நாடுகளின் சட்டத்தில் நிற்கிறது. உரியவரைத் தேட நியாயமான முயற்சி எதுவும் செய்யாமல் வைத்துக்கொள்வது பல நாடுகளில் குற்றம். ஜப்பானில் ஏழு நாளுக்குள் ஒப்படைத்தால், மதிப்பில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்க எடுத்தவருக்குச் சட்டமே இடம் தருகிறது.

வெகுமதியைப் பற்றி என் எண்ணம்: அஞ்சல் செலவையும் வண்டிச் செலவையும் தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் கொடுத்தால் வாங்குவதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு தொகை பேசக் கூடாது. அந்த நிமிடத்திலிருந்து அது வேறு பெயர் பெற்றுவிடும். தொலைத்தவரும் முகத்துக்கு முன்னால் பணத்தை எண்ணாமல் இருக்கலாம். எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால், "உங்களுக்கும் நிம்மதி, எண்ணிடுவோமா?" என்று கேட்டுவிட்டு எண்ணுங்கள்.

முகம் தெரியாதவர் நல்லவராக இருக்க நாம் வழி செய்து வைக்கலாம். சாவிக்கொத்தில் முகவரி வேண்டாம், ஒரு எண் போதும். அதுவும் தொலைந்துபோகக் கூடிய உங்கள் போன் எண்ணாக இல்லாமல் வீட்டில் இன்னொருவர் எண்ணாக இருக்கட்டும். பர்ஸில் ஒரு சீட்டில் அதே எண். போனில் அந்த அவசரப் பகுதியை இன்றே நிரப்புங்கள், இரண்டு நிமிட வேலை. கேமராவில் மின்னஞ்சல் முகவரியை எழுதிய தாளை முதல் படமாக எடுத்து, தவறி அழிந்துவிடாதபடி பூட்டி வையுங்கள். பயணப் பெட்டிக்கு வெளியே ஒட்டும் சீட்டு கிழியும், உள்ளேயும் ஒன்று போடுங்கள்.

பொருள் கைமாறிய பிறகும் இரண்டு வேலை மிச்சம். தொலைத்தவர் தான் விசாரித்த இடங்களுக்கெல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அங்கே இன்னும் யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள். எடுத்தவர் தான் எடுத்த படங்களை அழித்து, போட்ட பதிவையும் எடுத்துவிட வேண்டும். "உரியவரிடம் சேர்ந்தது" என்று கருத்தில் எழுதுவது போதாது, பகிரப்படும்போது அந்த வரி கூடவே போவதில்லை.